ஜன்னல் மானியம்: முன்பணம் கொடுக்கும் முன்

வெப்பக் கசிவைக் குறைக்கும் புதிய ஜன்னலுக்கு முன்பணம் கட்டி ஆர்டர் செய்தபின் அதற்கான மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பல திட்டங்களில் ஒப்புதல் தேதிக்கு முந்தைய பில் செல்லாது.

கொட்டேஷனில் ஜன்னல் சட்டத்தையும் (பிரேம்) சேர்த்து முழு ஜன்னலுக்கான யு-மதிப்பை எழுதி வாங்குங்கள். ஜன்னல் வழியே எவ்வளவு வெப்பம் கசிகிறது என்ற அளவு அது (W/m²K அலகில்), குறைவாக இருந்தால் நல்லது. கண்ணாடியின் நடுப்பகுதிக்கு உரியதை மட்டும் காட்டுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் குறைவாகவே தெரியும். ஒற்றைக் கண்ணாடிக்கு 5-க்கு மேல் வரும். லோ-ஈ பூச்சும் (வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம்) நடுவே ஆர்கான் வாயுவும் உள்ள நல்ல இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் சுமார் 1.2 முதல் 1.6.

இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் படிகிறது என்றீர்களே, அது ஓரத்து சீல் போனதால். சட்டம் உறுதியாக இருந்தால் கண்ணாடித் தொகுப்பை மட்டும் மாற்றலாம், செலவு நன்றாகக் குறையும். அதற்கும் மானியம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பழையதைக் கழற்றுமுன் படம் எடுத்து வையுங்கள்.