கொடிப் புத்தகங்களும் கொட்டாவியும்

வணக்கம். நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. 'உலகக் குடிமக்கள்' என்ற பகுதியை இந்த ஆண்டு கதைப் புத்தகங்கள் வழியாக நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்து வாங்கினேன். பக்கத்துக்கு ஒரு நாடு, ஒரு கொடி, ஒரு உடை. நாலாம் பக்கத்திலேயே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

நான் கொட்டாவி விட்ட பிள்ளைகளின் கட்சி. அந்தப் புத்தகங்களில் யாருக்கும் எதுவும் தொலையவில்லை, யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. அப்புறம் எதற்காக எட்டு வயதுப் பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும்?

ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி இங்கிலாந்து போன யெல்லா லெப்மன் என்ற யூதப் பெண், போர் முடிந்ததும் ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, 1946இல் இடிபாடாகக் கிடந்த மியூனிக் நகரில் சிறுவர் புத்தகக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் சிறுவர் நூல்களை அனுப்புங்கள் என்று கேட்டார். ஜெர்மன் படையிடம் இரண்டு முறை அடிபட்ட பெல்ஜியம் முதலில் முடியாது என்றது, அவர் விடாமல் மறுபடி எழுதினார், புத்தகங்கள் வந்தன. 1949இல் அது ஒரு சர்வதேச நூலகமாகவே ஆனது. கவனியுங்கள், அவர் கேட்டது பெல்ஜியத்தைப் பற்றிய புத்தகங்களை அல்ல, பெல்ஜியப் பிள்ளைகள் படிக்கிற புத்தகங்களை. உங்கள் தேர்வும் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பேன். ஒரு நாட்டைப் பற்றி வெளியாள் எழுதியது வேண்டாம் என்றில்லை, ஆனால் அந்த ஊர்க்காரர் தன் பிள்ளைகளுக்காக எழுதியதன் மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதை முதலில் எடுங்கள். அதில் உடையை யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். உடுத்திக்கொண்டு விளையாடப் போய்விடுவார்கள்.

வாங்கும் முன் ஒன்று பாருங்கள். கதையில் சிக்கலை யார் தீர்க்கிறார்கள்? ஏழை நாட்டுச் சிறுமிக்கு எங்கிருந்தோ வந்த நல்லவர் கிணறு வெட்டித் தருகிறார் என்றால், வகுப்பு கற்றுக்கொள்வது இரக்கத்தை மட்டும்தான், அதுவும் மேலிருந்து கீழே பார்க்கிற இரக்கம். அதே சிறுமி தம்பியை ஏமாற்றி மாட்டிக்கொள்கிற கதை என்றால் பிள்ளைகள் அவளைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு நாட்டுக்கு நாட்டுப்புறக் கதை மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள், அங்கே இன்னும் ராஜாவும் கழுதையும்தான் இருக்கிறார்கள் என்று வகுப்பு நம்பிவிடும். அதோடு இன்றைய நகரத்துக் கதை ஒன்றையும் சேருங்கள்.

ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல், புத்தகம் பிறர் உலகைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்கும், நம் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும் இருக்கும் என்று எழுதினார். உலகக் குடிமை என்றதும் நாம் ஜன்னலைத்தான் தேடி ஓடுகிறோம். உங்கள் வகுப்பிலேயே வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை இருந்தால், தன் முகம் தெரிகிற ஒரு புத்தகம் அதற்கும் வேண்டாமா?

சத்தமாக ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கினால் மொழிபெயர்ப்பு சரியில்லை, வைத்துவிடுங்கள். வகுப்பில் கதையைப் படித்து முடித்ததும் 'இதிலிருந்து என்ன கற்றோம்' என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்புறம் அந்தக் கொடிப் புத்தகங்களைத் தூக்கிப் போட வேண்டாம். கதை பிடித்துவிட்டால் 'அந்த ஊர் எங்கே இருக்கு மிஸ்' என்று யாராவது கேட்பார்கள், அப்போது எடுத்துக் கொடுங்கள்.