மங்கலாகத் தெரியும் ஒரு சுருள் கேலக்ஸி குள்ள கேலக்ஸியா, இல்லை தொலைவில் இருப்பதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

படத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது, தூரம் தெரிந்தாக வேண்டும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இதற்கு ஒரு கேலக்ஸியே இருக்கிறது: மாலின் 1.

1986-இல் போத்துன், இம்பி, மாலின், மோல்ட் என்ற நான்கு வானியலாளர்களும் தேடியது கன்னிக் கொத்து (Virgo) என்ற கேலக்ஸிக் கூட்டத்தில், சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள மங்கலான குள்ள கேலக்ஸிகளை. கையில் இருந்தவை ஆஸ்திரேலியாவின் யூகே ஷ்மிட் தொலைநோக்கி எடுத்த கண்ணாடிப் புகைப்படத் தகடுகள்.

டேவிட் மாலினின் கைவேலை இங்கேதான். மிக மங்கலான ஒளி, தகட்டின் ரசாயனப் பூச்சில் மேல்பரப்பை ஒட்டிய துகள்களில்தான் பதியும். டெவலப் செய்யும்போது வரும் மூட்டமோ பூச்சின் ஆழம் முழுக்கப் பரவியிருக்கும். அதனால் பூச்சுப் பக்கத்தை அதிக கான்ட்ராஸ்ட் பிலிமோடு ஒட்டவைத்து, பரவலான விளக்கொளியில் நகல் எடுப்பார். மேலே உள்ள துகள்கள் கூர்மையாக விழும், அடியில் உள்ளவை கலைந்துபோகும். ஒரே பகுதியின் பல தகடுகளை இப்படி எடுத்து அடுக்கினால் துகள் இரைச்சலும் குறையும். சங்கடம் என்னவென்றால் தூசி, கீறல், பிரகாசமான நட்சத்திரத்தின் போலி ஒளிவட்டம் எல்லாமே சேர்ந்து தூக்கலாகும். ஒரே ஒரு தகட்டில் மட்டும் தெரிவதை நம்பக்கூடாது.

அப்படிச் சிக்கிய ஒரு திட்டுக்கு நிறமாலை எடுத்தால் செம்பெயர்ச்சி (விலகிச் செல்லும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு; அதிகமானால் தூரமும் அதிகம்) 0.083! அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில் பிடித்த 21 செ.மீ. ஹைட்ரஜன் அலையும் அதையே சொன்னது: விலகும் வேகம் விநாடிக்குச் சுமார் 24,750 கி.மீ. கன்னிக் கொத்தின் வேகமோ ஆயிரத்துச் சொச்சம்தான். ஆக தூரம் ஏறத்தாழ 120 கோடி ஒளியாண்டு. வானில் அதன் அகலம் சுமார் 2 கலை நிமிடம் (ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை நிமிடம்). கன்னிக் கொத்தில் இருந்தால் அது 30,000 ஒளியாண்டு, சின்னப் பிள்ளை. உண்மையான தூரத்திலோ 6 லட்சத்துக்கு மேல். அறியப்பட்ட மிகப்பெரிய சுருள்களில் ஒன்று.

சுருள் கரங்கள் தெளிவாக வந்ததே 2015-இல், சிலியில் உள்ள 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கியில். வட்டின் நடுப்பகுதியே இருண்ட வானத்தின் ஒளியில் 3, 4 சதவீதம்தான், கரங்கள் இன்னும் கீழே. பிளாட் படத்தில் (கேமராவின் சீரற்ற உணர்திறனைச் சரிசெய்ய எடுக்கும் சீரான ஒளிப் படம்) 1 சதவீதம் பிசகினால் கரங்கள் காணாமல் போகும்.

நீங்களே இப்படி மங்கலான கேலக்ஸியைப் படமெடுக்க முயல்வதானால் ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் தொலைநோக்கியைச் சில கலை நிமிடமாவது நகர்த்துங்கள். பின்னணியைக் கழிக்கும் மென்பொருளில் கட்டத்தின் அளவு கேலக்ஸியைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கட்டும், கேலக்ஸியை மாஸ்க்கும் செய்துவிடுங்கள் (கணக்கில் சேராமல் மறைத்துவிடுங்கள்). சின்னக் கட்டம் வைத்தால் கேலக்ஸியையே வானம் என்று நினைத்துக் கழித்துவிடும்.