சிறு வயது வீசிங்கை அனிமேஷனாக எடுப்பது: கேள்வி பதில்

சின்ன வயதில் எனக்கு ஆஸ்துமா. அதை வைத்துக் கையால் வரைந்து ஒரு குறும்படம் எடுத்தேன். அதையொட்டி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அக்கா, எனக்கும் சின்ன வயதில் வீசிங். படமாக எடுக்க ஆசை. அத்தனை வருடக் கதையில் எங்கே தொடங்குவது?

அத்தனை வருடமும் வேண்டாம், ஓர் இரவு போதும். ஆஸ்துமா பெரும்பாலும் ராத்திரியிலும் விடிகாலையிலும்தான் கூடும். அதனால் அந்த ஓர் இரவுக்குள்ளேயே ஒரு கதைக்கு வேண்டிய ஏற்ற இறக்கம் இருக்கிறது. அப்புறம், எல்லாவற்றையும் குழந்தையின் கண் உயரத்திலிருந்து காட்டுங்கள். திணறும் குழந்தையால் படுக்க முடியாது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து அம்மாவின் முகம் தெரியாது. புடவைக் கொசுவம் தெரியும், தரை தெரியும், ஆட்டோ பிடிக்க அவசரமாகச் செருப்பு மாட்டும் அப்பாவின் கால் தெரியும். அதை வரையுங்கள்.

நான் வரைந்தால் ஓடிவந்து இளைக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறது. திணறலை எப்படிக் காட்டுவது?

இந்தப் படத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஆஸ்துமாவில் பெரிய சிக்கல் மூச்சை வெளியே விடுவதில். மூச்சுக்குழாய் சுருங்கிவிடுவதால் உள்ளே போன காற்று சுலபத்தில் வெளியே வராது. விசில் சத்தமும் அப்போதுதான் அதிகம் கேட்கும். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 மூச்சு அல்லது அதற்கு மேல் ஓடினால் அது வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிமிடத்துக்கு 40 என்றால் ஒரு மூச்சுக்கு ஒன்றரை நொடி. திரையில் நொடிக்கு 24 ஃபிரேம் (சட்டகம்) ஓடும் கணக்கில் அது 36 ஃபிரேம். அதில் இழுப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு கொடுங்கள், மிச்சம் முழுவதும் விடுவதற்கு. இரண்டையும் சமமாகப் பிரித்தால் ஓடி இளைப்பது போலத்தான் தெரியும்.

இழுக்கும்போது தோள் மேலே ஏறும், தொண்டைக் குழியும் விலா இடுக்கும் உள்வாங்கும். கழுத்தடியில் ஒரே ஒரு கோடு வந்து வந்து மறைந்தால் போதும், பார்ப்பவருக்கு நெஞ்சு அடைக்கும்.

இன்னொன்றும் முக்கியம். விசில் சத்தம் நின்றதும் குழந்தை தேறிவிட்டதாகக் காட்டாதீர்கள். கடுமையான திணறலில் காற்று போய்வருவதே குறைந்து சத்தம் அடங்கிப்போகும். அதுதான் ஆபத்தான கட்டம். தேறியதைப் பேச்சில் காட்டுங்கள். அதுவரை இரண்டு இரண்டு வார்த்தையாகப் பேசிய பிள்ளை, ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்லட்டும்.

தனி ஆளாக எத்தனை படம் வரைய வேண்டியிருக்கும்?

மூன்று நிமிடப் படம் என்றால் 4,320 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 2,160 படங்கள். நோயாளிக் குழந்தை அதிகம் அசையாது என்பதால், உடம்பை ஒரு லேயரிலும் மூச்சை இன்னொரு லேயரிலும் வைத்துச் சுழற்சியாக ஓட்டினால் வேலை நிறையக் குறையும். கிருட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் என்ற மூன்று அனிமேஷன் மென்பொருள்களும் இலவசம். எதில் வரைந்தாலும், முதலில் பென்சில் சட்டகங்களைச் சத்தத்தோடு கோத்து ஓர் அனிமேட்டிக் செய்துவிடுங்கள். அதில் பிடிபடாத காட்சி வண்ணம் பூசினாலும் பிடிபடாது.

நோயை ஒரு பூதமாக வரையலாமா?

வேண்டாம் என்பேன். பூதம் வந்தால் அதைக் கொல்ல ஒரு வீரன் வேண்டும். ஆஸ்துமா அப்படி ஒரே நாளில் சாகாது, கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழ வேண்டிய நோய். தினம் அதோடு வாழும் குழந்தை அந்தப் படத்தைப் பார்த்தால், தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளும். இன்ஹேலரையும் வில்லனாக்காதீர்கள். 'பழக்கமாகிவிடும்' என்று பயந்து அதை ஒளித்துவைக்கிற வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன.

என் மகனுக்கு 9 வயது, அவனுக்கும் ஆஸ்துமா. அவன் திணறும் சத்தத்தையே பதிவு செய்து பயன்படுத்தலாமா?

கூடாது. அந்த நேரத்தில் உங்கள் கை மைக்கைப் பிடிக்கக் கூடாது, இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் குழாயைப் பிடிக்க வேண்டும். படத்துக்கு வேண்டிய சத்தத்தை நீங்களே உருவாக்கலாம். மெல்லிய ஸ்ட்ரா வழியாக மெதுவாக ஊதி, மைக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள். கதை அவனுடையது என்றால், முதலில் அவனிடம் கேளுங்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவனே சொல்லட்டும். பாதியில் வேண்டாம் என்றாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

என் அம்மா பார்த்தால் உடைந்துபோவார். என்ன செய்வது?

முதல் காட்சிக்கு அழைத்துப்போய் அதிர்ச்சி கொடுக்காதீர்கள். அனிமேட்டிக் கட்டத்திலேயே வீட்டில் உட்காரவைத்துக் காட்டுங்கள். விடிய விடிய விழித்திருந்தவர் அவர். உங்களுக்கு ஞாபகம் இல்லாத பாதி அவரிடம்தான் இருக்கிறது. எந்த டாக்டர், எந்த பஸ், யாரிடம் பணம் கேட்டார் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். கதை அதற்கப்புறம் மாறினால் மாறட்டும்.

முடித்த பிறகு எங்கே அனுப்புவது?

மும்பையில் ஆவணப்பட, குறும்பட, அனிமேஷன் விழா 1990-லிருந்து நடக்கிறது. திருவனந்தபுரத்தில் கேரளாவின் ஆவண, குறும்பட விழா இருக்கிறது. வெளிநாடு என்றால் பிரான்சின் ஆன்சி அனிமேஷன் விழா. யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு விழாவின் விதியையும் படித்துவிடுங்கள், ஏற்கெனவே இணையத்தில் வெளியான படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. வசனம் இருந்தால் ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் சேருங்கள்.