இராமானுஜன் படித்த பள்ளியை விட்டு மகனை மாற்றலாமா?

வணக்கம் ஐயா.

சென்ற வாரம் மகனின் மதிப்பெண் அட்டையோடு வந்திருந்தீர்கள். கணக்கில் 97, ஆங்கிலத்தில் 41. "பழம்பெருமை சோறு போடுமா? பிளஸ் ஒன்னுக்கு வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடவா?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் அன்று சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகன் படிக்கும் கும்பகோணம் டவுன் பள்ளி 1864-இல் தொடங்கியது. அதன் பெருமை என்றதும் இராமானுஜன் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்தப் பள்ளி அவருக்கு என்ன செய்தது என்பதல்லவா பெற்றோருக்கு வேண்டியது? 1898-இல் பத்து வயதுப் பையனாக அங்கே சேர்ந்தார். அன்றைக்குப் பள்ளியில் ஏறக்குறைய 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். அத்தனை பேருக்கும் மோதல் இல்லாமல் கால அட்டவணை போடும் பொறுப்பில் கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அந்த மாணவனையே நம்பினார். ஜூன் மாதத்தில் எந்தப் பள்ளிக்காவது போய்ப் பாருங்கள். பெரிய தாளில் கட்டம் போட்டு, அடித்து அடித்துத் திருத்தியபடி அனுபவமுள்ள ஆசிரியர்களே நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேலை அது. 1904-இல் அவருக்குக் கணிதப் பரிசு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர், முழு மதிப்பெண் கொடுத்தாலும் இந்த மாணவனுக்குப் போதாது என்ற பொருளில் மேடையிலேயே பாராட்டினார். ஒரு பையனை அடையாளம் கண்டு, அவன் திறமைக்கு உரிய வேலையையும் கொடுத்தார்கள். என் பார்வையில் அந்தப் பள்ளியின் சாதனை இதுதான்.

கதையின் மறுபாதியை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கும் எஃப்.ஏ. (அன்றைய இடைநிலைக் கல்லூரித் தேர்வு) தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913-இல். இடையில் எத்தனை ஆண்டுகள் பசியும் அலைச்சலுமாகப் போயின! 'மேதைக்குத் தேர்வு எதற்கு' என்று சொல்ல இந்தக் கதையை எடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மகனின் 41-ஐப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது இந்தப் பகுதிதான்.

அன்று அவனுடைய கணக்கு விடைத்தாளையும் புரட்டினேன். ஓர் இயற்கணிதக் கணக்கை இரண்டு வழியில் போட்டிருக்கிறான்; இரண்டாவது வழியின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் 'இது எப்படித் தோன்றியது? வந்து சொல்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, அந்த ஒரு வரிக்காகவே சொல்கிறேன், மாற்றாதீர்கள். பத்து லட்சம் செலவழித்தாலும் இப்படி ஓர் ஆசிரியர் கிடைப்பார் என்பதற்கு உறுதியில்லை. விடுதிப் பள்ளிக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு சிறு பகுதி ஆங்கிலத்துக்குத் தனிப்பயிற்சி வைக்கப் போதும்.

கல்லூரி இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்காக அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா என்றும் கேட்டீர்கள். பலன் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. ஆனால் தமிழ்வழியில் படிப்பதால், கல்லூரியில் சேர்ந்ததும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

சின்னவளின் கதை வேறு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பெண்கள் பள்ளியில் படிக்கிறாள் என்றீர்கள். அவளை மட்டும் தயவுசெய்து எங்கும் மாற்றிவிடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றி அந்த ஒதுக்கீட்டை இழந்த குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கலந்தாய்வு நேரத்தில் அவர்கள் என் முன்னால் உட்கார்ந்து அழும்போது என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை. மருத்துவம், பொறியியல், வேளாண்மை எல்லாவற்றுக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு. புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் அவளுக்கு வரும்.

உங்கள் மகனுக்குப் பிளஸ் ஒன்னில் கணிதம் உள்ள பிரிவையே எடுங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. அதில் அவனுக்குக் கவலையில்லை. ஆனால் பொறியியல் ஒன்றுதான் வழி என்று இருந்துவிட வேண்டாம். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பெங்களூரில் கணிதத்துக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது. இரண்டுக்கும் தனி நுழைவுத்தேர்வு உண்டு. வினாத்தாள் ஆங்கிலத்தில்தான், பாடமும் ஆங்கிலத்தில்தான். நான் 41-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் தம்பியை அழைத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது கணக்குத் தாள் வேண்டாம். ஆங்கில விடைத்தாளை எடுத்துவாருங்கள்.