கூட்டத்திற்கு எத்தனை ஆங்கிலப் பெயர்கள்?

கேள்வி: ஆங்கிலத்தில் சிங்கக் கூட்டத்தை 'பிரைட்' என்றும் காக்கைக் கூட்டத்தை 'மர்டர்' என்றும் கூறுகிறார்களே, இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன? மாணவர்கள் இவை அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: வேட்டையை உயர்குடியினருக்குரிய கலையாகப் போற்றிய இடைக்கால இங்கிலாந்தில் இத்தகைய பெயர்கள் பல வழங்கின, 1486இல் அச்சான 'செயின்ட் ஆல்பன்ஸ் நூல்' என்னும் வேட்டைக் கையேடு அவற்றை நீண்ட பட்டியலாகத் தந்தது. வேட்டைக்குத் தொடர்பே இல்லாத நீதிபதிகளுக்கும் துறவியருக்கும்கூட அதில் கூட்டப்பெயர்கள் இருப்பதால், அவற்றுள் பல அன்றாடப் பேச்சில் வழங்கியவை அல்ல, சொல் நயத்திற்காகப் புனையப்பட்டவை என்றே கருதத் தோன்றுகிறது. பறவையியலாளர்கள் இன்று காக்கைக் கூட்டத்தையும் பெரும்பாலும் பறவைக் கூட்டத்திற்கான பொதுச்சொல்லான 'ஃபிளாக்' என்றே எழுதுகின்றனர். வாத்தினப் பறவையான கூஸ், தரையில் கூடியிருந்தால் 'காகிள்' என்றும் வரிசையாகப் பறந்தால் 'ஸ்கீன்' என்றும் பெயர் பெறுவது உண்மையிலேயே அழகான வேறுபாடு. மாணவர்களுக்கு 'ஃபிளாக்', 'ஹெர்ட்' (மாடு, யானை), 'பேக்' (ஓநாய்), 'ஸ்வார்ம்' (தேனீ), 'பிரைட்' ஆகியவை போதும்.