மாலையில் வரும் காய்ச்சல்: ஸ்டில் நோய் பற்றிய கேள்வி பதில்

பயிற்சி மருத்துவர், மதுரை: 28 வயதுப் பெண். மூன்று வாரமாக 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தொண்டை வலி, மூட்டு வலி. வெள்ளணுக்கள் 22,000. ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. அடுத்து எங்கே தேடுவது, ஐயா?

மாலை ஆறு மணிக்கு அவர் கட்டிலுக்குப் போங்கள். இது ஸ்டில் நோயாக இருக்கலாம்: உடலின் எதிர்ப்பு அமைப்பே அழற்சியைக் கிளப்பும் அரிய நோய். அதன் தடிப்பு காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு மறையும். நம் ரவுண்ட்ஸோ காலையில். என் நோயாளி ஒருவருக்குப் பத்து நாள் "தோல் இயல்பு" என்றே எழுதிவந்தோம். "சாயங்காலம் வந்து பாருங்கள்" என்று அவருடைய அம்மா தினமும் சொன்னார். ஒரு நாள் போனேன். ரவிக்கைக் கை இறுக்கிய இடத்தைச் சுற்றி மங்கலான சிவப்புத் தடிப்புகள். மறுநாள் காலை சுவடே இல்லை. மாநிறத் தோலில் அது எளிதில் தெரியாது; ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இந்த நோயை அடையாளம் காண 1992இல் வந்த யமகுச்சி அளவுகோலில் ஐந்து அம்சங்கள் பொருந்த வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு முக்கிய அம்சங்களாக இருக்க வேண்டும். ஒரு வாரக் காய்ச்சல், இரு வார மூட்டு வலி, தடிப்பு, நியூட்ரோஃபில் என்ற வகை மிகுந்த வெள்ளணு உயர்வு ஆகிய நான்கும் முக்கியமானவை; தொண்டை வலி போன்றவை துணை அம்சங்கள். ஆனால் தொற்று, புற்றுநோய், பிற மூட்டுவாத நோய்கள் மூன்றையும் விலக்கிய பிறகுதான் இந்தக் கணக்கு. சிறு பூச்சிக் கடியால் வரும் தொற்றான ஸ்கிரப் டைபஸின் கருகிய புண்ணை அக்குளிலும் தொடை இடுக்கிலும் தேடினீர்களா?

மாணவி, சென்னை: இது குழந்தைகள் நோய் அல்லவா?

ஆங்கில மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1897இல் குழந்தைகளிடம் விவரித்தார். 1971இல் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் 14 பெரியவர்களிடம் அதையே காட்டினார்.

பொது மருத்துவர், கோவை: ஸ்டில் நோயில் மிக உயரும் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) 12,000. இதற்கு மேலும் சந்தேகமா?

ஆம், சந்தேகம்தான். டெங்குவிலும், ஸ்கிரப் டைபஸிலும், நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமாவிலும் ஃபெரிட்டின் எகிறும். தொற்றை விலக்காமல் ஸ்டீராய்டைத் தொடாதீர்கள்.

அதே மருத்துவர்: நோயாளி துடிக்கிறார். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தால் என்ன? காய்ச்சல் இறங்கினால் அதுவே விடை.

அது விடை அல்ல, டாக்டர். லிம்ஃபோமாவிலும் ஸ்டீராய்டுக்குக் காய்ச்சல் இறங்கும், நெறிக்கட்டி சுருங்கும். பிறகு எடுக்கும் பயாப்சியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். காசநோயாக இருந்தால் உடலெங்கும் பரவ வழிவிடுகிறீர்கள். இதயத் தசை அழற்சி போல உயிர்போகும் நிலை என்றால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அப்போதும் கல்ச்சரையும் எலும்பு மஜ்ஜை மாதிரியையும் எடுத்துவிட்டு ஊசி போடுங்கள்.

நோயாளியின் கணவர்: இது தொற்றுமா?

தொற்றாது. குழந்தையை அவரிடம் தாராளமாகக் கொடுங்கள்.

வாசகர்: ஃபெரிட்டின் 900. ஸ்டில் நோயா?

மேலே எழுதிவிட்டேன்.

இன்னொரு வாசகர்: ஃபெரிட்டின் 1,400...

ஃபெரிட்டினை மட்டும் வைத்து யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். உங்களைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

செவிலியர், திருச்சி: ஸ்டில் நோய் என்று சிகிச்சையில் இருப்பவர். காய்ச்சல் விடவில்லை. ஆனால் இஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) 110இலிருந்து 15 ஆகிவிட்டது. தட்டணுக்கள் மூன்று லட்சத்திலிருந்து 90,000. தேறுகிறாரா?

இல்லை, சகோதரி. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கரைவதால் இஎஸ்ஆர் விழுந்திருக்கலாம். எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிச் செயல்படும் மேக்ரோஃபேஜ் தூண்டல் நோய்க்குறியாக இருக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. ஃபைப்ரினோஜென், ட்ரைகிளிசரைடு, ஃபெரிட்டின், கல்லீரல் சோதனைகள் இன்றே போக வேண்டும். முதலில் பணி மருத்துவரை இப்போதே அழையுங்கள்.