தேசியப் போட்டியின் டிரா, அதாவது யார் யாரோடு எங்கே ஆடுவது என்ற பட்டியல், வந்ததும் அமெரிக்கச் சிறு கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்?

கூகுள் மேப்பை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதைத்தான்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். நான் மேற்கு மிச்சிகனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. இங்கே ஹாலண்ட் என்ற ஊரில் ஹோப் கல்லூரி இருக்கிறது. முப்பது மைல் தள்ளி கிராண்ட் ராப்பிட்ஸில் கால்வின் பல்கலைக்கழகம். இரண்டுமே டச்சுக் குடியேறிகளின் சபைகளிலிருந்து முளைத்தவை. 1920 முதல் கூடைப்பந்தில் மோதிக்கொள்கின்றன. பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வின் ஆண்கள் 1992-லும் 2000-லும் தேசியப் பட்டம் வாங்கினார்கள். ஹோப் ஆண்கள் 1996-லும் 1998-லும் இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றார்கள். இதைக் கால்வின்காரர்கள் சொல்லிக் காட்டினால், ஹோப்காரர்கள் உடனே தங்கள் பெண்கள் அணி வாங்கிய மூன்று பட்டங்களை எடுத்து வைப்பார்கள்: 1990, 2006, 2022. நான் யார் பக்கம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என் மேலாளர் ஒரு கட்சி, எதிர்வீட்டுப் பெரியவர் இன்னொரு கட்சி. பனி அள்ளும் மெஷின் பெரியவரிடம்தான் இருக்கிறது. கீழே 'எங்கள் அணி' என்று எழுதும் இடத்தில் உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிவியில் 'மார்ச் மேட்னஸ்' என்று 68 அணிகள் ஆடுகின்றனவே, அது என்.சி.ஏ.ஏ.வின், அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பின், முதல் பிரிவு. நான் சொல்வது மூன்றாம் பிரிவு, சுருக்கமாக டி3. கல்லூரிகளின் எண்ணிக்கையில் இதுதான் பெரியது, 400-க்கு மேல். விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கிடையாது. வெள்ளிக்கிழமை ரீபவுண்ட் பிடித்தவன் திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி லேபில் நிற்பான். இவர்களுக்கும் தனியாகத் தேசியப் போட்டி உண்டு. ஆண்களுக்கு 1975 முதல், பெண்களுக்கு 1982 முதல். 64 அணிகள், தோற்றால் வீடு, பட்டத்துக்கு ஆறு வெற்றி.

முதல் பிரிவில் ஒவ்வொரு அணியின் பெயருக்குப் பக்கத்திலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண் அச்சாகியிருக்கும். 1-ஐ 16 சந்தித்தால் விஷயம் தெரியாதவருக்கும் நிலவரம் புரிந்துவிடும். டி3 பட்டியலில் அந்த எண்ணே கிடையாது. நான்கு நான்கு அணிகளாகப் பிரித்திருப்பார்கள். இங்கே அதை 'பாட்' என்கிறார்கள். அந்த நான்கில் ஒன்றின் அரங்கத்தில் வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆட்டம். வெள்ளியன்று வென்ற இரண்டு அணிகள் சனியன்று மோதும். யார் பலசாலி, யார் இளைத்தவர் என்பதை நாமேதான் ஊகிக்க வேண்டும்.

அந்த ஊகத்தில் மைல் கணக்கு எங்கே நுழைகிறது? அணிகளின் பயணச் செலவை என்.சி.ஏ.ஏ. தருகிறது. குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால் பஸ், தாண்டினால் விமானம். நீண்ட காலம் அந்தக் கோடு 500 மைலாக இருந்தது. இங்கே பழைய ரசிகர்கள் இன்னமும் '500 மைல்' என்றுதான் பேசுகிறார்கள். விமானங்களை முடிந்த அளவு குறைக்கப் பார்ப்பதால், பக்கத்துப் பக்கத்து அணிகளையே ஒரு பாட்டில் கட்டிவிடுவார்கள். பலத்தைச் சமமாகப் பங்கிடுவது அதற்கு அப்புறம்தான்.

நம் ஊர்க் கல்லூரிப் போட்டிகளில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். 'பை' விழுந்தால், அதாவது ஒரு சுற்றை ஆடாமலே தாண்டினால், கொண்டாட்டம், போன வருட சாம்பியன் விழுந்தால் தலைவிதி. இங்கே தலைவிதியை எழுதுவது ரோடு மேப்.

எங்கள் பக்கம் அந்த மேப் ரொம்பக் கொடுமை. மிச்சிகனிலிருந்து ஒரு பஸ் தூரத்துக்குள் விஸ்கான்சின், இல்லினாய், ஒஹாயோ, இண்டியானா எல்லாம் வந்துவிடுகின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கிளைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். பிளாட்வில் நான்கு பட்டம், அந்த நான்கும் போ ரயன் கோச்சாக இருந்தபோது, 1991-க்கும் 1999-க்கும் இடையில். ஸ்டீவன்ஸ் பாயின்ட் நான்கு. வைட்வாட்டர் நான்கு. ஆஷ்காஷ் 2019-ல் ஒன்று. இவர்களில் யாராவது ஒருவர் நம் பாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால் டிரா வரும் அந்தத் திங்கட்கிழமை மதியச் சாப்பாடு இறங்காது.

டெக்ஸாஸ்காரர்களின் கவலை இதற்கு நேர்மாறு. அங்கே டி3 அணிகள் குறைவு, அவற்றைச் சுற்றி வெகுதூரத்துக்கு வேறு யாரும் இல்லை. அதனால் நல்ல அணிகளாகவே இருந்தாலும் தங்களுக்குள்ளேயே முதல் வாரத்தில் முட்டிக்கொள்ள நேரும். வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலத்து விட்மன், விட்வர்த் கல்லூரிகளுக்கும் இதே கதைதான். வருடம் முழுக்க ஒரே கான்ஃபரன்ஸில் (சில கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் லீக்) அடித்துக்கொண்டவர்கள் தேசியப் போட்டியிலும் எதிரெதிரே வந்துவிடுவார்களோ என்ற பயம் அந்தப் பக்கத்து ரசிகர்களுக்கு எப்போதும் உண்டு. விட்மன் 2017-ல் கடைசி நான்குவரை வந்தது. அவ்வளவு ஒதுக்கமான மூலையிலிருந்து அங்கே வந்து சேர்வது பெரிய காரியம்.

பெயர்க் குழப்பம் என்று இன்னொன்று இருக்கிறது. டிரினிட்டி என்று டெக்ஸாஸில் ஒன்று, கனெக்டிகட்டில் ஒன்று. 2025-ல் பட்டம் வாங்கியது கனெக்டிகட் டிரினிட்டி. வெஸ்லியன் என்று முடியும் பெயர்களும் பல இருக்கின்றன. நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்த முதல் வருடம் எங்கள் பக்கத்துப் பட்டியலில் 'வீட்டன்' என்று பார்த்தேன். ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து அவர்களுடைய பழைய ஆட்டங்களை வீடியோவில் ஓட்டினேன். மறுநாள் காலையில் பெரியவரிடம் போய், "அவர்களிடம் உயரமான ஆள் இல்லை, நாம் உள்ளே புகுந்து போட்டால் போதும்" என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ பார்த்தது மாசசூசெட்ஸ் வீட்டன். நம்மிடம் வருவது இல்லினாய் வீட்டன். அவர்களிடம் ஆறடி ஒன்பது அங்குலத்தில் ஒருவன் இருக்கிறான்" என்றார். பனிக்காலம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்.

சரி, மேப் பார்த்தாகிவிட்டது. அடுத்த கேள்வி, ஆட்டம் நம் ஊரிலா? ஹோப்பின் டிவாஸ் ஃபீல்ட்ஹவுஸில் மூவாயிரத்துக்கு மேல் உட்காரலாம். டி3-ல் அது பெரிய அரங்கம். சில கல்லூரிகளில் ஜிம்மின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நான்கு வரிசை பெஞ்ச்தான் இருக்கும். நடத்தும் அணி பெரும்பாலும் வெள்ளி ராத்திரி இரண்டாவது ஆட்டத்தில் இறங்கும், அதாவது ஊர் வேலை முடித்து வந்து சேரும் நேரத்தில். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கல்லூரியின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே நடத்தத் தகுதி பெற்றால் முதல் வாரம் யாருக்கு? அதை வருடா வருடம் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். முறை வராத அணி எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் பஸ் ஏற வேண்டியதுதான். ஹோப் மாதிரி இரண்டு அணியும் தேறும் இடங்களில் ஒரு குடும்பமே இரண்டாகப் பிரிந்து, அப்பா ஒரு காரிலும் அம்மா இன்னொரு காரிலுமாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு கணக்கு, மாணவர்களின் வசந்த கால விடுமுறை எந்த வாரம் என்பது. நம் ஊரில்தான் ஆட்டம், ஆனால் மாணவர்கள் எல்லாரும் ஃப்ளோரிடா கடற்கரையில் என்றால் என்ன சாதகம்?

ஊர் சாதகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024-ஐச் சொல்லலாம். ஹோப்பும் கால்வினும் இருக்கும் அதே கான்ஃபரன்ஸில் டிரைன் என்றொரு பல்கலைக்கழகம், இண்டியானாவின் அங்கோலாவில். கடைசி நான்கு அணிகளின் ஆட்டம் அதே மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில். அங்கோலாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிரைன் கடைசி நான்கில் நுழைந்தது. வர்ஜீனியாவிலிருந்து ஹாம்டன்-சிட்னி, வட கரோலினாவிலிருந்து கில்ஃபோர்ட், கனெக்டிகட்டிலிருந்து டிரினிட்டி, இவர்கள் எல்லாரும் வெகுதூரம் வர, டிரைன்காரர்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும். இறுதியில் ஹாம்டன்-சிட்னியை 69-61 என்று வென்று பட்டம் எடுத்தார்கள். கூட்டத்தால் மட்டுமே வென்றார்கள் என்று சொன்னால் அந்தப் பையன்களுக்குச் செய்யும் துரோகம். நல்ல அணி அது. ஆனாலும் எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு வாரம் பெருமையும் பொறாமையுமாக இரண்டையும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்.

மைலுக்கும் அரங்கத்துக்கும் அப்பாற்பட்ட கணக்குகளும் உண்டு. 2020-ல் நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகம் உள்ளே வந்தது. யூதக் கல்வி நிறுவனம். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், ஆட மாட்டார்கள். முதல் வாரமோ வெள்ளியும் சனியும்! வெள்ளி ஆட்டத்தை மதியத்துக்கும் சனி ஆட்டத்தை இருட்டியபின்னும் வைத்தார்கள். இடம் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். கொரோனா அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது, அதனால் ரசிகர்களே இல்லாத காலி அரங்கில் ஆட்டம். யெஷிவா இரண்டிலும் வென்று முதல்முறையாகக் கடைசி 16-க்குள் வந்தது. அடுத்து வர்ஜீனியாவின் ராண்டால்ஃப்-மேக்கனோடு மோத வேண்டியது. அந்த ஆட்டம் நடக்கவே இல்லை, போட்டியே ரத்தாகிவிட்டது. அந்த டிராவை அலசிய யாரும் இதை எழுதி வைத்திருக்க முடியாது.

2024-25 பருவத்திலிருந்து ஒரு மாற்றம். கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம், அது பழையபடி. மீதி இடங்களுக்கு முன்பு கமிட்டி உட்கார்ந்து பேசி முடிவு செய்யும். இப்போது என்.பி.ஐ. என்று ஒரு குறியீட்டெண், யாரோடு ஆடினாய், எங்கே ஆடினாய், வென்றாயா என்பதையெல்லாம் போட்டுக் கணக்கிடுவது, அதுதான் முடிவு செய்கிறது. எக்ஸெல் தெரிந்த ரசிகனுக்கு யார் உள்ளே, யார் வெளியே என்பது ஞாயிறு ராத்திரியே தெரிந்துவிடுகிறது. முன்பெல்லாம் பெயர் வருமா என்று கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது அந்தப் பதற்றம் முழுக்க 'எங்கே போடுவார்கள்' என்பதற்கு நகர்ந்துவிட்டது. எனக்கு எக்ஸெல் நன்றாகத் தெரியும். அதனால் முக்கால்வாசி சுவாரஸ்யம் போய்விட்டது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் எதிரணியின் ஆட்டத்துக்கே வருவார்கள். பெரும்பாலான கல்லூரிகள் தங்கள் ஆட்டங்களை இணையத்தில் காட்டுகின்றன, பல இடங்களில் மாணவர்களே வர்ணனை. அதில் இரண்டு ஆட்டம் பார்த்தால் போதும், ஆட்டத்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டு இடது கையால் பந்தைக் கொண்டுபோகத் தடுமாறுகிறானா, திரீ பாயின்டர் போடுகிறவன் ஒருவனா மூன்று பேரா, பெஞ்சிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்னதை நான் ரொம்பவே பார்ப்பேன். அடுத்தடுத்த இரண்டு ராத்திரி ஆட வேண்டும். ஆறு பேரை வைத்து ஆடும் அணி வெள்ளியன்று பயமுறுத்தும், சனியன்று கால் இழுக்கும். அணிகளைக் கணக்குப் போட்டு வரிசைப்படுத்தும் மேஸி ரேட்டிங் பார்க்கிறவர்கள் உண்டு. 'நாம் அவனை அடித்தோம், அவன் இவனை அடித்தான், இவன் அவர்களிடம் மூன்று புள்ளியில் தோற்றான்' என்று மாமன் மச்சான் உறவுமுறை போல நீட்டி முழக்குகிறவர்களும் உண்டு. இந்தச் சங்கிலியை நம்பாதீர்கள். இதை வைத்து எந்த அணியையும் சாம்பியன் என்று நிரூபித்துவிடலாம்.

ஒரு வருடம் எங்கள் ஊரிலேயே பாட் கிடைத்தது. வெள்ளி ஆட்டத்துக்கு வந்த அணியை யாரும் பொருட்படுத்தவே இல்லை. அவர்களுடைய கான்ஃபரன்ஸ் சின்னது, எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். நானும் பெரியவரும் வாரம் முழுக்க சனிக்கிழமை எதிரியைப் பற்றியே பேசினோம். அவர் அதற்காகத் தனியாக ஒரு மஞ்சள் தாளில் குறிப்பே எழுதி வைத்திருந்தார். வெள்ளி ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் பருவம் முடிந்துவிட்டது. அந்தப் பையன்கள் அன்று எறிந்ததெல்லாம் கூடையில் விழுந்தது.

சனிக்கிழமைக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்தோம். வேண்டாம் என்றேன், அவர் விடவில்லை. இரண்டு வெளியூர் அணிகள், கால்வாசிக் கூட்டம், பாப்கார்ன் கடையில் வரிசையே இல்லை. எங்களைத் தோற்கடித்த அணியின் பாயின்ட் கார்டு அன்றும் பிய்த்து உதறினான். பாதி ஆட்டத்தில் பெரியவர் நிகழ்ச்சித் தாளில் அவன் பெயரைத் தேடி, "இரண்டாம் வருடம்தான் படிக்கிறான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர்கள் ஊர் எவ்வளவு தூரம் பார்" என்றார்.

போனை எடுத்துப் பார்த்தேன். 460 மைல்.